எரிந்தால்தான் வேலை செய்யுமாம்

என் மூக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விஷயம் இல்லையென்றால் அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்து ஏன் சிரித்தார்கள்?

என்னுடையது அகலமான மூக்கு. மூக்கின் மேலேயும் அதை ஒட்டிய கன்னத்திலும் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், ஊசியால் குத்தி வைத்த மாதிரி. வயசுப் பெண்ணாக இருந்தபோதே இருந்தவைதான். வயசாக ஆகப் பெரிதாகிவிட்டன. எங்கள் வீட்டில் பெரிய கண்ணாடி கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிய கை அகலக் கண்ணாடி ஒன்று. பொட்டு வைக்கும்போது அதில் நெற்றி தெரியும், அவ்வளவுதான். அதனால் எனக்கும் என் மூக்குக்கும் நடுவில் ஒரு சண்டையும் இல்லாமல் காலம் போனது.

சண்டை மூட்டியது மகளின் நிச்சயதார்த்த வீடியோ.

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். திருப்பத்தூரில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைமேல் இருக்கிற எங்கள் ஊருக்கு வருவாள். மாப்பிள்ளை போளூர்க்காரர். இடம் பார்த்துச் சொன்னது என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார். அவளும் போளூரில்தான் இருக்கிறாள். தை மாதம் நிச்சயம் முடிந்து, வீடியோ வந்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் பார்க்கலாம் என்று கூப்பிட்டாள். போனோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

அவள் வீட்டு டிவி சுவர் அகலத்துக்கு இருக்கும். அதில் என் மகளின் கம்மலைக் கிட்டக் காட்டினார்கள், ஜடையைக் காட்டினார்கள். அவளுக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வீடியோக்காரன் கம்மலிலிருந்து மெதுவாக என் பக்கம் திருப்பியிருக்கிறான். திரை முழுக்க என் மூக்கு. மேலே லைட் வேறு அடித்து, எண்ணெய் பளபளக்க, ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அண்ணீ! மூக்கு மேல இன்னா சாமை தூவி வெச்சிக்கீறீங்க? காக்கா கொத்திக்கினு போயிடப் போவுது!" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம்.

"மழ பேஞ்சாலும் பேயலன்னாலும் எங்க வூட்ல அது ஒண்ணுதான் தவறாம வெளையுது" என்றார்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நானும் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். இதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ பொறுத்தாயிற்று. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே திரும்பி என் மகளின் மூக்கைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. சந்தையில் மாட்டைப் பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை.

என் மகளுக்கு என் மூக்கு. அச்சு அசல்.

அவள் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை ஓட்டிவிட்டாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எவர்சில்வர் சொம்பின் வயிற்றில் என் மூக்கு இன்னும் அகலமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு நாள் நாத்தனார் மலைக்கு வந்தாள். நான் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவள் முறத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பையிலிருந்து ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலை எடுத்து நீட்டினாள். மூடியில் சொட்டு விடுகிற ரப்பர் வைத்த பாட்டில்.

"இந்தாங்க அண்ணி. எங்க தெரு பார்லர்க்காரி குடுத்தா. ராத்திரி மூஞ்சி கழுவிட்டுத் தடவிக்கினு படுத்துடுங்க. குழியெல்லாம் மூடிக்கும்."

"எனக்கின்னாத்துக்கும்மா இதெல்லாம்" என்றேன்.

"உங்களுக்கா? பொண்ணுக்கு அண்ணி, பொண்ணுக்கு. மேடையில அவ பக்கத்துல நிக்கப் போறது யாரு? அம்மாவப் பாத்துதான பொண்ண எட போடறாங்க. அவங்க வூட்ல பேசறது என் காதுல வுழாமலா கீது?"

இதைச் சொன்னதும் நான் கையை நீட்டிவிட்டேன்.

"எரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எரியும். எரிஞ்சாதான் வேல செய்யுதுன்னு அர்த்தம். பயந்துக்கினு பாதியில வுட்டுடாதீங்க."

இந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். எந்த இடத்தில் நின்று சொன்னாள், எந்தப் புடவை கட்டியிருந்தாள் என்பதுகூட மறக்காது.

ராத்திரி தடவு என்று சொல்லிவிட்டாள். ராத்திரி எங்கே தடவுவது? எங்கள் வீடு ஓர் அறை, அதை ஒட்டி அடுப்பு வைக்கிற இடம். விளக்கு வைத்தால் என் வீட்டுக்காரர் அறை நடுவில் டிவியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் எதிரில் நான் ஒரு நாளும் பவுடர்கூடப் போட்டதில்லை. தலையைக்கூட அடுப்பங்கரைக்குள் போய்த்தான் வாருவேன். அப்படி இருந்தவள், இந்த மூக்கை வைத்து அவர் அவ்வளவு பேர் எதிரில் சொன்ன பிறகு, அவர் கண்ணெதிரிலேயே அதில் மருந்து தடவிக்கொண்டு படுப்பதா? உயிர் போனாலும் ஆகாது.

அதனால் காலையில் தடவினேன். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனதும், வீட்டுக்குப் பின்னால் குவித்திருந்த புளிக்குப் பின்புறம் உட்கார்ந்து தடவிக்கொள்வேன். பிறகு பாட்டிலைச் சாமை டின்னுக்குள் புதைத்துவிடுவேன். அங்கே என்னைத் தவிர யாரும் கை விட மாட்டார்கள்.

முதல் நாள் மூடியைத் திறந்ததும் விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சமைக்கிறவள் கை அப்படித்தான் போகும். லேசாகப் புளித்தது, பிறகு கசந்தது. அட, இது புளி மாதிரிதானே என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் போய்விட்டது. அங்கேதான் கெட்டது.

புளியை எனக்குத் தெரியும். மாசி மாதம் எங்கள் மலையில் புளி இல்லாத வாசல் இல்லை. மரத்தை உலுக்கி, காயவைத்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, பொழுதுக்கும் அதே வேலை. முதல் சில நாளைக்கு விரல் நுனியெல்லாம் எரியும். நகத்தடி வெந்த மாதிரி ஆகிவிடும். தோல் வெளுத்து உரியும். உரிந்தால் கீழே புதுத்தோல் வரும், அதற்குப் பிறகு எரியாது. எரிகிறது என்று எழுந்து போகிறவளை, "மகாராணி கைக்கு மருதாணி வெக்கட்டுமா?" என்று கேட்பார்கள். யாரும் எழுந்து போக மாட்டோம். எரிச்சலைத் தாண்டினால் சரியாகிவிடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பித்தளைப் பாத்திரமும் அப்படித்தான். புளியைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத்தான் கறுப்பு விட்டுப் பளபளக்கும்.

கைக்கும் பாத்திரத்துக்கும் உள்ளதை முகத்துக்கும் வைத்துப் பார்த்தேன். சொட்டு விட்டுத் தடவாமல் உள்ளங்கையில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற மாதிரியே அழுத்தித் தேய்த்தேன். தேய்த்துவிட்டு அப்படியே வெயிலில் உட்கார்ந்து புளி உரித்தேன். வேர்த்தால் புளிக்கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

முதலில் சுருக்கென்றது. அப்புறம் முகம் இழுத்துக் கட்டினது போல இருந்தது. மூக்கைத் தடவினால் வழவழவென்றிருந்தது. ஆணியில் மாட்டின கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். குழி கொஞ்சம் சுருங்கின மாதிரிதான் தெரிந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. புளிக்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அப்புறம் எரிச்சல் நிற்கவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டால் எரிந்தது, வேர்வை பட்டால் எரிந்தது, குளிக்கும்போது பூசுகிற மஞ்சள் மிளகாய் மாதிரி காந்தியது. மூக்கின் இரண்டு பக்கமும் வெடித்து உரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்யும் என்று சொன்னாளே என்று அதன் மேலேயே மறுபடியும் தடவினேன். முகம் செங்கல் நிறமாகி வீங்கிவிட்டது. குழிகள் மூடவில்லை. தேனடை மாதிரி வாயைத் திறந்துகொண்டன.

"இன்னாம்மே மூஞ்சி, அடுப்புல வுழுந்தியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"புளித்தூசு."

"எனக்குந்தான் புளித்தூசு படுது. நான் இன்னா கொரங்கு மாதிரியா கீறேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா போட்ட மூஞ்சில?"

"ஒண்ணும் போடல. வெயிலு."

அவள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டு உலை வைக்கப் போனேன். சாமையை நான் எடுத்துத் தருகிறேன் என்று டின்னுக்குள் கையை விட்டவள் பாட்டிலோடு கையை எடுத்தாள். மேலெல்லாம் சாமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு எழுத்தைப் படித்தாள். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பெரிய எழுத்து மட்டும்தான், அதுவும் மறந்துவிட்டது.

"ம்மா, இது ஆசிட்டும்மா!"

"கக்கூஸ்ல ஊத்தறதா?" என்றேன்.

"அது இல்ல. மூஞ்சிக்கே வர்றதுதான். ஆனா இவ்ளோ காட்டமா யாராவது மொத மொத போடுவாங்களா? எவ்ளோ போட்ட? எப்பப் போட்ட?"

சொன்னேன். உள்ளங்கை நிறைய, காலையில், தினமும், வெயிலில். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். அழுதுகொண்டே போனை எடுத்து அத்தைக்குப் போட்டாள். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள்.

"நான் இன்னாடி பண்ணேன்?" என்றாள் நாத்தனார். "ராத்திரியிலதான் தடவணும்னு சொன்னேன். எரிஞ்சா நிறுத்திடுங்க அண்ணின்னு சொன்னேனே, உங்கம்மாவக் கேளு. அவங்களுக்கு யாரு இன்னா சொன்னாலும் மண்டையில ஏறாது. ஆசையப் பாரு, இந்த வயசுல!"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பொய் சொல்கிறாள், எரிந்தால்தான் வேலை செய்யும் என்று சொன்னது அவள்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படி.

மறுநாள் மகள் லீவு போட்டு என்னைத் திருப்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோல் டாக்டரிடம் காட்டினாள். சின்ன வயசு டாக்டர். என் முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

அவரும்! நாத்தனார் சொன்ன அதே வார்த்தை.

எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த வயசில் என் மூக்கைப் பார்த்துச் சிரிக்கலாம். இந்த வயசில் என் முகத்தைப் பார்த்து என் பெண்ணை எடை போடலாம். அதற்கெல்லாம் வயசு ஆகிவிடவில்லை. அதைக் கொஞ்சம் நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தால் மட்டும் எல்லோருக்கும் என் வயசு ஞாபகம் வந்துவிடுகிறது. இதை டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள்தான் கேட்டாள். "சார், இந்தக் குழி மூடிக்குமா?"

"மூடறதுக்கு அது கதவா? உள்ள இருந்து எண்ணெய் வர்ற வழி. எல்லாருக்கும் இருக்கும். வயசானா தோல் தளர்ந்து பெருசாத் தெரியும். மருந்து போட்டா கொஞ்சம் சின்னதாத் தெரியும், ஆனா போகாது. இந்த மாதிரி புண்ணாக்கி வீங்க வெச்சா இன்னும் பெருசாத்தான் தெரியும்."

"எரிஞ்சா?" என்றேன் நான். அவ்வளவுதான் வெளியே வந்தது.

"எரிஞ்சா நிறுத்தணும்மா. லேசா ஒரு சுருக்குன்னா பரவால்ல. எரியுது, செவக்குது, உரியுதுன்னா நிறுத்திடணும். எரிச்சல்னா தோல் போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம்."

தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள் எனக்கு. மூடவே மூடாத ஒன்றை மூடும் என்றும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதே என்றும்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மஞ்சள் கூடாது, கடலைமாவு கூடாது, தேய்க்கவே கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் அவர் எழுதித் தந்த வெள்ளை கிரீமைப் பூச வேண்டும். வெயிலில் போனால் தனியாக இன்னொன்று. புளியைத் தொட்ட கையை முகத்துக்குக் கொண்டு போகக் கூடாது. தோல் நன்றாக ஆறின பிறகு, வேண்டுமென்றால் காட்டம் இல்லாததாகப் பார்த்து, வாரத்தில் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாமாம்.

பஸ்ஸில் மலை ஏறும்போது மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நானும் போடறேம்மா. காலேஜ் படிக்கும்போதிலிருந்து. இதே மாதிரிதான் ஒண்ணு. ரொம்ப லேசானது. எரிஞ்சா ரெண்டு நாளு வுட்டுடுவேன்."

"உனக்கு எதுக்கு?"

"உன் மூக்குதான எனக்கு. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் இல்ல? ஏம்மா கேக்கல?"

அவளிடம் கேட்கவும் கூச்சம்தான். பெற்ற பெண்ணிடம் போய் மூக்குக்கு மருந்து கேட்பதா என்று. கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு காற்று வந்து முகத்தில் பட்டது. அதுவும் எரிந்தது.

பங்குனியில் கல்யாணம். அதற்குச் சில நாள் முன்னால் நாத்தனார் மறுபடியும் வந்தாள். என் முகத்தில் சிவப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. மூக்கைச் சுற்றித் திட்டுத்திட்டாகக் கறுத்து, இன்னும் உரிந்துகொண்டிருந்தது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஐயையோ, இன்னா அண்ணி இது, எதிர்பார்க்கவே இல்ல" என்றாள். பாட்டில் என்ற பேச்சே எடுக்கவில்லை. நேராக அண்ணனிடம் போய் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கொட்டை எடுத்த புளியை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, தாரை வாக்கும்போது கேமரா முழுக்கக் கிட்ட வெச்சிக்கினு எடுப்பாங்க. அண்ணி பாவம், ஏற்கனவே கூச்சம். இந்த மூஞ்சிய வெச்சிக்கினு எப்படி நிப்பாங்க? நானும் எங்க வூட்டுக்காரரும் நின்னு செஞ்சிடறோம். அத்தையும் மாமாவும் நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

தாரை வார்ப்பது என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணைக் கொடுப்பது. அப்பா பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைப்பார். அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் பெண் அந்த வீட்டுக்குப் போகிறாள். எத்தனையோ வருஷம் பிள்ளை இல்லை என்று பேச்சு வாங்கிப் பெற்ற ஒரே பெண்ணுக்கு இந்தக் கை தண்ணீர் ஊற்ற வேண்டாமா?

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அவளுக்குக் கூட்டம்னாலே ஆவாது. நீயே செஞ்சிடும்மா" என்றார். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். எனக்கு நல்லது செய்கிற நினைப்பில். அதுதான் தாங்கவில்லை.

"இன்னா அண்ணி, சரிதான?"

"ம்" என்றேன்.

அந்த 'ம்' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் போன பிறகு பார்த்தால், கையிலிருந்த புளியுருண்டை விரல் இடுக்கிலெல்லாம் பிதுங்கி வழிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் முற்றத்தில் நலங்கு. மகளை மணையில் உட்கார வைத்து, பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். "பொட்டு மாதிரி வெச்சா போதும்" என்று அவள் சொல்லிவிட்டாள். "இன்னாடி இது, டவுன் நலங்கா?" என்று கிண்டல் செய்தாலும் வைத்தார்கள். நலங்கு முடிந்தால் நாத்தனார், மதினி என்று கேலி முறை உள்ளவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி மஞ்சளை அப்பிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெண்ணைப் பெற்றவளைத்தான் அதிகமாகப் பிடிப்பார்கள். நான் அதற்காகவே வாழைப்பழத் தட்டை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நாத்தனார் இரண்டு கையிலும் குழைத்த மஞ்சளோடு வந்தாள்.

"எங்க ஒளிஞ்சிக்கினு கீறீங்க? வாங்க அண்ணி! அப்பற அப்புல குழியெல்லாம் அடைஞ்சி தரை மாதிரி ஆயிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். டிவி முன்னால் சிரித்த அதே சிரிப்பு. அவள் உள்ளங்கை என் இடது கன்னத்தில் பட்டது. நெருப்புத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். தட்டு கீழே விழுந்தது.

"எடு கைய."

"அண்ணி, வெளையாட்டுக்குத்தான..."

"எரியுது. எடுன்னா எடு."

அவள் கையை இழுத்தாள். நான் விடவில்லை. வருஷக்கணக்காகப் புளி தட்டின கை.

"எரிஞ்சாதான் வேல செய்யும்னு சொன்னியா இல்லியா?"

"நான் எப்ப அப்படி..."

"சொன்ன. நான் சாமை பொடைச்சிக்கினு இருந்தேன். மொறத்துக்குப் பக்கத்துல நின்னுக்கினு சொன்ன. பச்சப் புடவ கட்டிக்கினு இருந்த. பாதியில வுட்டுடாதீங்கன்னு சொன்ன. அப்பால போன்ல, எரிஞ்சா நிறுத்தச் சொன்னேன்னு மாத்திச் சொன்ன. என் மூஞ்சியையும் கெடுத்து, இந்த மூஞ்சிய வெச்சிக்கினு எப்படி நிப்பன்னு என் சொம்பையும் எடுத்துக்கற. நாளைக்கு சொம்பு என் கையில இருக்கும். நீ தொடாத."

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. வீட்டுக்காரர் பந்தக்கால் பக்கத்திலிருந்து வந்தார்.

"இன்னாம்மே, நல்ல நாளும் அதுவுமா..."

"நீங்க சும்மா இருங்க. மூக்கு வெளையுதுன்னு சிரிச்சீங்க இல்ல? சிரிச்சிட்டுப் போங்க."

அவர் சிரிக்கவில்லை. மணையில் உட்கார்ந்த பெண் ஆரத்தி எடுக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. என் மகள் உட்கார்ந்தபடியே முகத்தைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நான் நாத்தனார் கையை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் விட்டேன். தேய்க்கவில்லை. புளிக்குவியல் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓடு மட்டும் சிதறிக் கிடந்தது.

மறுநாள் போளூர் மண்டபத்தில், மேடை ஏறும்போது வீடியோக்காரன் என்னை நிறுத்தினான்.

"அம்மா, கொஞ்சம் பவுடர் போட்டுக்கறீங்களா? தோலு உரியறதெல்லாம் தெரியுது."

"தெரியட்டும். எடு" என்றேன்.

லைட் சூடாக முகத்தில் அடித்தது. கீழே இருக்கிற தலைகளைப் பார்க்காமல் சொம்பை மட்டும் பார்த்தேன். நானே புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு. என் வீட்டுக்காரர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். நான் ஊற்றினேன். கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். முந்தின நாள் கோபம் கையில் மிச்சம் இருந்ததோ என்னவோ, சொம்பு காலியாகும்வரை ஊற்றினேன். மாப்பிள்ளை வேட்டி நனைந்தது. ஓரத்தில் நின்ற நாத்தனாரின் பட்டுப்புடவைக் கொசுவமும் நனைந்தது. அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

கல்யாண வீடியோவையும் அவள் வீட்டில்தான் பார்த்தோம். முறைக்குக் கூப்பிட்டாள், போகாமல் இருக்க முடியாது. தாரை வார்க்கிற இடம் வந்தது. திரை முழுக்க என் முகம். கறுப்புத் திட்டு, உரிகிற தோல், மூக்கு, குழி, எல்லாம் இருந்தது. நான் கையை முந்தானைக்குக் கொண்டு போகவில்லை. அதே முகத்தோடு உட்கார்ந்து அதே முகத்தைப் பார்த்தேன்.

"தண்ணிய இவ்ளோவா ஊத்துவாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், டிவியைப் பார்த்தபடி.

"ஊத்துவாங்க" என்றேன்.

காபி கொடுத்தாள், குடித்தேன். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்றும் எனக்கு அவசரம் இல்லை.

முகம் இப்போது ஆறிவிட்டது. கறுப்பு மட்டும் அங்கங்கே இருக்கிறது. குழிகள் அப்படியேதான் இருக்கின்றன, வீக்கம் இல்லாததால் பழையபடி சின்னதாக. மகள் ஒரு லேசான பாட்டில் வாங்கி வந்து கொடுத்தாள். வாரத்தில் ஒரு ராத்திரி, இரண்டே சொட்டு, எரிந்தால் வேண்டாம். நான் அதைச் சாமை டின்னில் வைக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

முதல் தடவையே, விளக்கு வைத்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துதான் தடவினேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மே அது?"

"மூஞ்சிக்கு."

"இந்த வயசு..." என்று ஆரம்பித்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் அடுத்து டாக்டர் எழுதித் தந்த வெள்ளை கிரீமை எடுத்து, அவசரப்படாமல், மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.